உடைந்த மூலை மட்டும்

1

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுகிற அன்று கொடுத்த டொபி ஒன்றைக் கடித்ததில் என் மகள் வசந்தியின் பல் அடைப்பு உடைந்துவிட்டது. கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைவாய்ப் பல். ஆறு வயதில் முளைத்து, ஏழு வயதில் சொத்தை விழுந்து அடைக்கப்பட்டு, எட்டு வயதில் அடைப்பும் உடைந்தாயிற்று. அவள் எனக்குச் சொல்லவில்லை. சாப்பிடும்போது இடப்பக்கத்தால் மட்டும் மென்றாள். நாக்கு வலப்பக்கம் போய்ப் போய் வந்தது. என் தொழிலில் இருந்தவர்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

குசினி விளக்கின் கீழ் கதிரையை இழுத்துப் போட்டு அவளை இருத்தினேன்.

"இட்ஸ் நத்திங், மம்மி."

"தமிழில சொல்லு."

"ஒண்டுமில்லை." இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு மீதியை ஆங்கிலத்தில் சொன்னாள். அவளுடைய சிநேகிதி சூசனுக்கும் இப்படித்தான் உடைந்ததாம். ஊசி போட்டு, அடைப்பு முழுவதையும் தோண்டி எடுத்து, மறுபடி அடைத்தார்களாம். சூசன் இரண்டு நாள் அழுதாளாம்.

ஒருவாறு பார்த்தேன். அடைப்பின் ஒரு மூலை மட்டும்தான் போயிருந்தது, சீமெந்துத் தரையின் விளிம்பு தெறித்ததுபோல. மற்றதெல்லாம் அசையாமல் இருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நோவில்லை என்றாள். அந்த மூலையை மட்டும் சரிக்கட்டினால் போதும் என்று என் கைக்கு உடனே தெரிந்தது. ஆனால் அந்தக் கைக்கு இந்த நாட்டில் ஒரு குழந்தையின் பல்லைத் தொட உரிமை இல்லை.

இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் அடைத்த தாதி, அந்தப் "பல்லு மிஸி" நான்தான். உங்களில் யாராவது என் விரலைக் கடித்திருக்கவும் கூடும். கோபமில்லை.

2

இப்போது நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஓர் ஆலை நகரத்தில் இருக்கிறேன். மிஸ்டர் ஆஷ்டன் என்ற பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை. ஊரில் நான் பல் அடைத்தவள். இங்கே அடைக்கிறவருக்குக் கலவை குழைத்துக் கொடுக்கிறவள். காலையில் கருவிகளைக் கொதிக்க வைப்பது, வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுவது, இடையில் தேநீர் ஊற்றுவது எல்லாம் என் பொறுப்பு.

என் அத்தாட்சிப் பத்திரத்தை இங்கே ஏற்றுக்கொள்ள வைக்க நான் பட்ட பாட்டைத் தனியாக எழுதலாம். பத்திரத்தில் என் பெயர் சி. மங்கையர்க்கரசி. "சி" என் தகப்பனார் சின்னத்தம்பி. கடவுச்சீட்டிலோ நான் மிசிஸ் பொன்னுத்துரை. பொன்னுத்துரை என் கணவர். பத்திரங்களைச் சரிபார்க்கும் கந்தோரில் இருந்த பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மிஸ்டர் சின்னத்தம்பி காலமாகிவிட்டாரா?" என்று மிகவும் இரக்கத்தோடு கேட்டாள். "இல்லை, சுன்னாகத்தில் சுகமாக இருக்கிறார்" என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு இரண்டு புருஷன்மார் இல்லை என்று அவளை நம்ப வைப்பதற்குள் அன்றைய நேரம் முடிந்துபோயிற்று. கடைசியில் வந்த பதில் இதுதான்: எனது பயிற்சி இங்குள்ளதை ஒத்திருக்கிறது, ஆனால் இங்குள்ளது அல்ல.

அதோடு நான் விட்டுவிட்டேன். என் கணவருக்குத் தபாற்கந்தோரில் வேலை கிடைத்திருந்தது. நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வரைபடம் கீறியவர், அரசாங்க வேலைக்குக் கட்டாயமாக்கிய சிங்களச் சோதனையை எழுதமாட்டேன் என்று கிளம்பி வந்து இங்கே கடிதம் பிரிக்கிறார். அவரே முறைப்பாடு சொல்லாதபோது நான் என்ன சொல்வது?

3

கிளிநொச்சிக்கு என்னை நியமித்தபோது என் தாயார் அழுதார். யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைத்து வன்னிக்குப் போன குடும்பங்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டதெல்லாம் மலேரியாவும் யானையும்தான். நான் போனபோது மலேரியா குறைந்திருந்தது. யானையைக் காணவே இல்லை. கண்டது பிள்ளைகளின் பற்களைத்தான். வயல் வேலை நேரத்தில் பிள்ளை அழாமல் இருக்கச் சீனிப்பாணியில் நனைத்த துணியை வாயில் வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளை அழாது. பல் அழும்.

எனக்குத் தந்தது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை. கிழக்கே பார்த்த பெரிய யன்னல், ஒரு சாய்கதிரை, கருவி கொதிக்க வைக்க ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, காலால் மிதித்துச் சுழற்றுகிற துளைகருவி. தையல் மெசின்போல மிதிக்க வேண்டும். மிதி தளர்ந்தால் கருவியின் முனை பல்லுக்குள் தடுமாறும், பிள்ளை துள்ளும். வெள்ளித்தூளையும் பாதரசத்தையும் சிறிய கண்ணாடி உரலில் அரைத்து, துணியில் வைத்துப் பிழிந்து, இறுகுவதற்குள் பல்லுக்குள் அழுத்தி நிரப்ப வேண்டும்.

பயிற்சிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த விதி ஒன்றே. பழுதான அடைப்பு என்றால் முழுவதையும் எடு. அடியைப் பார். புதிதாக அடை. பழையதன்மேல் புதியதை வைக்கக்கூடாது. நான் அந்த விதியை மனப்பாடம் செய்து சோதனையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவள்.

கிளிநொச்சிக்கு வந்து காலால் மிதிக்கத் தொடங்கியபிறகுதான் அந்த விதி ஒரு பிள்ளையின் வாயில் என்ன செய்யும் என்று கண்டேன். நன்றாக இறுகிய அடைப்பு ஒன்றைத் தோண்டி எடுக்க நெடுநேரம் செல்லும். தோண்டும்போது அடைப்பு மட்டும் வராது. சுற்றியிருக்கும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். அடுத்த அடைப்பு முந்தியதைவிடப் பெரிதாக இருக்கும். அதுவும் ஒருநாள் உடையும். அப்போது இன்னும் கொஞ்சம் போகும். இப்படியே போனால் இருபது வயதில் அந்தப் பிள்ளைக்கு அடைப்பு இருக்கும், பல் இருக்காது.

இதை நான் மனதுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஜெமீலா வந்தாள்.

4

தண்ணீரூற்று என்ற ஊரில் துணிக்கடை வைத்திருந்த ஹமீது முதலாளி, பதினொரு வயது மகளைக் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸில் பரந்தன் வந்து, அங்கே பஸ் மாறி என் அறைக்கு வந்தார். நல்ல உயரமான மனிதர். கதவில் தலை இடிக்காமல் குனிந்து நின்றபடியே சொன்னார்.

"மிஸி, இவட பல்லைக் கழட்டி விடுங்கோ."

"முதல்ல நான் ஒருக்காப் பாக்கிறன். இருங்கோ."

"பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை. யாழ்ப்பாணத்தில அடைச்சது. உடைஞ்சு நாக்கை வெட்டுது. ஒரு கிழமையாக் கஞ்சிதான் குடிக்கிறா. கழட்டினா ஒரேயடியா முடிஞ்சுபோம்."

தகப்பன் "கழட்டி" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் ஜெமீலா கதிரையின் பிடியை இறுக்கினாள். கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தேன். இடப்பக்கத்தில் கீழே கடைவாய்ப் பற்கள் இரண்டு ஏற்கெனவே பிடுங்கப்பட்டிருந்தன. வலப்பக்கத்தில் மெல்லுவதற்கென்று இருந்தது இந்த ஒன்றுதான். அதிலும் பெரிய அடைப்பு. நாக்குப் பக்கத்து மூலை தெறித்து, கத்திபோல ஒரு விளிம்பு நின்றது. அடைப்பைச் சுற்றியிருந்த பல்லின் சுவர் மெலிந்து, அதனூடே உள்ளிருந்த வெள்ளியின் சாம்பல் நிறம் தெரிந்தது.

விதிப்படி முழுவதையும் தோண்டினால் அந்தச் சுவர் நிற்காது. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சுவர் விழுந்தால் பிடுங்கத்தான் வேண்டும்.

"முதலாளி, இந்தப் பல்லும் போனா உங்கட மகள் எதால சாப்பிடுறது?"

அவர் மகளை ஒருமுறை பார்த்தார். பிறகு மகளுக்குக் கேட்காதபடி யன்னலோரம் வந்தார்.

"மிஸி, உங்களுக்குச் சொன்னா விளங்கும். இவ இண்டைக்கோ நாளைக்கோ பெரிய பிள்ளை ஆயிருவா. அதுக்குப் பிறகு இப்படி பஸ்ஸில கூட்டிக்கொண்டு திரிய ஏலாது. இவட உம்மா விடமாட்டா. சனம் கதைக்கும். இதுதான் கடைசி வரத்து. நீங்க இண்டைக்கு என்ன செய்யிறீங்களோ அதுதான்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. உள்ளதைச் சொன்னார். நான் உடைந்த மூலைக்கு மட்டும் ஒட்டுப் போட்டு, அது நாலு மாதத்தில் கழன்று, உள்ளே சொத்தை விழுந்து பிள்ளை வீட்டுக்குள் கிடந்து துடித்தால் யார் வந்து பார்ப்பது? பிடுங்கிவிட்டால் துடிப்பும் இல்லை, மெல்லப் பல்லும் இல்லை. மனிதர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

ஜெமீலாவிடம் திரும்பினேன். "உமக்கு என்ன விருப்பம்?"

அவள் முதன்முறையாக வாய் திறந்தாள். "கழட்டாதேங்கோ, மிஸி."

முழு அடைப்பையும் கூர் ஊசியால் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தேன். சொத்தை இருந்தால் ஊசி இறங்கும்; ஓரிடத்திலும் இறங்கவில்லை. உடைந்த மூலையின் அடியை உலர்த்திப் பார்த்தேன். கடினமாக, சுத்தமாக இருந்தது. அந்த மூலையை மட்டும் மெல்லத் துளைத்து, புதுக் கலவை பிடித்துக்கொள்ளப் பழைய அடைப்புக்குள்ளேயே ஒரு சிறு பள்ளம் வெட்டினேன். பல்லைத் தொடவே இல்லை. அரைத்தேன், பிழிந்தேன், அழுத்தினேன். ஜெமீலா கண்ணை மூடிக்கொண்டு தொண்டைக்குள்ளேயே ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். மிதித்த என் கால் களைப்பதற்கு முன்னரே வேலை முடிந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் தகப்பன்.

"அவ்வளவுதான். ஆனா கலவை இறுக வேணும். நாளைக்கு ஒருக்கா வந்தீங்களெண்டா மினுக்கி விடுவன். இண்டைக்கு அந்தப் பக்கத்தால ஒண்டும் கடிக்கக்கூடாது."

அவர் கடைத்தெருவில் தனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவரின் வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்லி மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

5

மறுநாள் காலையில் ஜெமீலா கதிரையில் இருக்கும்போதுதான் டொக்டர் நவரத்தினத்தின் கார் வந்து நின்றது. எங்கள் வேலையை மேற்பார்வை செய்த பல் வைத்தியர் அவர். சொல்லாமல்தான் வருவார். கைகழுவிக்கொண்டு நேரே கதிரைக்கு வந்து, என் கையிலிருந்த கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். பழைய அடைப்பு மங்கலாகவும் புதியது பளபளப்பாகவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் கோடு தெரிந்தது.

"இது என்ன?"

சொன்னேன்.

"ஏன் நீர் முழுக்க எடுக்கேல்லை?"

"எடுத்தா உள்பக்கச் சுவர் விழுந்துபோம், டொக்டர்."

"அது உமக்கு எப்பிடித் தெரியும்? எடுத்துப் பாத்தீரோ?"

"எடுத்துப் பாத்தாப் பிறகு திருப்பி வைக்க ஏலாதே."

எனக்கே என் பதில் துடுக்காகப் பட்டது. அவர் முகம் சிவந்தது. பழைய அடைப்புக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் அதன்மேல் கட்டுவது வைத்தியம் அல்ல என்றார். ஒரு பிள்ளைக்குச் சரிவந்தால் பத்துப் பிள்ளைகளுக்கு உள்ளே அழுகும் என்றார். அது உண்மை என்பதும் எனக்குத் தெரியும். "இதை இப்ப எடும். நான் நிண்டு பாக்கிறன்" என்றார்.

ஹமீது முதலாளி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முந்திய நாள் பல்லைக் கழட்டச் சொன்ன அதே மனிதர், இப்போது உள்ளே வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்.

"டொக்டர் ஐயா, குறை நினைக்காதேங்கோ. ஒரு கிழமைக்குப் பிறகு நேற்று ராத்திரித்தான் பிள்ளை அழாமப் படுத்தா. நீங்க எடுக்கிறதெண்டா எடுங்கோ. ஆனா எடுக்கிறதுக்கு முதல் உங்கட கையால ஒருக்காத் தட்டிப் பாருங்கோ."

டொக்டர் நவரத்தினம் கடுமையானவர், ஆனால் பிடிவாதக்காரர் அல்ல. கதிரைக்கருகே முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தார். கூர் ஊசியை எடுத்து அந்தக் கோட்டின் வழியே மெல்ல இழுத்தார். மறுபடியும் எதிர்ப்பக்கமாக இழுத்தார். ஊசி எங்கும் சிக்கவில்லை. பல்லின் உள்சுவரை யன்னல் வெளிச்சத்துக்கு நேராக்கி நெடுநேரம் பார்த்தார்.

"சுவர் மெல்லிசுதான்" என்றார். பிறகு, "நீர் வெட்டின பள்ளம் எப்பிடி? நேராவோ?"

"ஓம், நேரா."

"நேரா வெட்டினா ஒருநாள் அப்பிடியே வெளியில வந்துபோம். அடிப்பக்கம் அகலமா, வாய்ப்பக்கம் ஒடுக்கமா வெட்ட வேணும். தச்சன் பலகை பூட்டுறமாதிரி." மேசையிலிருந்த மெழுகுத் துண்டை எடுத்துச் சிறு கத்தியால் வெட்டிக் காட்டினார். "இதில கொஞ்சம் இடம் இருக்கு. நான் செய்யிறன். நீர் மிதியும்."

ஆக, நான் மிதிக்க, அவர் என் ஒட்டை எடுத்துவிட்டு, அதே மூலையில், பழைய அடைப்பையோ பல்லையோ கலைக்காமல், பூட்டு வெட்டிப் புது ஒட்டு வைத்தார். வேலை முடிந்ததும் எனக்கு இரண்டு கட்டளை போட்டார். சொத்தை இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே இப்படிச் செய்யலாம். செய்த ஒவ்வொரு பிள்ளையையும் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

"இந்தப் பிள்ளை வராதாம், டொக்டர்."

"அப்ப நீர் போம்" என்றார்.

6

இந்தக் கதையை வசந்திக்கு நான் பஸ்ஸின் மேல்தட்டில் வைத்துச் சொன்னேன். மிஸ்டர் ஆஷ்டனிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போன நாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். "பெரிய பிள்ளை ஆகிறது" என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் போய், முன் ஆசனத்தில் இருந்த கிழவர் திரும்பிப் பார்க்க, வசந்தி வெட்கத்தில் கம்பளிச் சால்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆனாலும் இறங்கும் இடம் வந்தபோது, "டிட் ஷீ ஹாவ் தி நீடில்?" என்று கேட்டாள்.

"இல்லை. பல்லைத் தொடாட்டி ஊசி எதுக்கு?"

"தென் வை கான்ட் ஐ…"

அதை நானும் முதல்நாள் முழுவதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். மிஸ்டர் ஆஷ்டன் நல்ல கைகாரர். ஆனால் அவரிடம் வேலை செய்த இரண்டு வருடத்தில் ஒரு அடைப்பையாவது அவர் சரிக்கட்டி நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் முழுக்க எடுப்பார். கூலி கேட்டுச் சுகாதாரக் கந்தோருக்கு அனுப்பும் படிவத்தில் "அடைப்பு" என்றொரு கட்டம் இருந்தது. "திருத்தம்" என்று கட்டம் இல்லை. கட்டம் இல்லாத வேலையை அவர் செய்வதில்லை. நானும் அவருக்கு யோசனை சொல்கிற இடத்தில் இல்லை.

அவர் வசந்தியின் பல்லைப் பார்த்துவிட்டு ஊசிமருந்துக்குக் கை நீட்டினார். வசந்தி என்னைப் பார்த்தாள். நான் ஊசியைக் கொடுக்காமல், ஒட்டு என்பதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "மிஸ்டர் ஆஷ்டன், ஒரு பட்ச் போதும்" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. "என்னுடைய அறையில் பட்ச் வேலை நடப்பதில்லை, மிசிஸ் பொன்னுத்துரை" என்றார். குரலில் பனிக்கட்டி. அந்தச் சொல் இங்கே ஏனோதானோவென்று செய்கிற வேலைக்கும் பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் ஊரில் ஒட்டுப் போடுவது நல்ல வேலை. சைக்கிள் ரியூப்புக்கும் ஒட்டு, மாமரத்துக்கும் ஒட்டு. நான் அவரைக் கவனக்குறைவான வைத்தியராக இருக்கச் சொல்லியிருக்கிறேன், என் சொந்தப் பிள்ளையின் வாயில்!

காது சூடானது. ஆனாலும் விடவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், சுவர், பள்ளம், பூட்டு என்று விரலால் காற்றில் கீறிக் காட்டினேன். கிளிநொச்சியையும் சொன்னேன். கால்மிதியையும் சொன்னேன்.

அவர் முகமூடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நான் போர்க்காலத்தில் வட ஆபிரிக்காவில் இருந்தேன்" என்றார். "பாலைவனத்தில். கலவை வந்துசேராது. உடைந்ததை மட்டும் சரிக்கட்டி அனுப்புவோம். பையன்கள் சண்டையிலிருந்து திரும்பி வந்தால் முழுதாகச் செய்யலாம் என்று." முகமூடியை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "திரும்பி வந்தவர்களில் சிலருக்கு நான் பிறகு ஒன்றுமே செய்யவேண்டி இருக்கவில்லை. அது அப்படியே நின்றது. ஏன் என்று நான் யோசித்ததில்லை. வீட்டுக்கு வந்தேன், படிவம் வந்தது, பழையபடி செய்யத் தொடங்கிவிட்டேன்."

வசந்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் என் கையிலிருந்த ஊசியை வாங்கித் தட்டில் வைத்தார். கூர் ஊசியை எடுத்து நெடுநேரம் தட்டிப் பார்த்தார். பிறகு அவளிடம், "உன் அம்மா சொல்வதுபோல முயன்று பார்ப்போம். நொந்தால் கையைத் தூக்கு" என்றார்.

அவள் கையைத் தூக்கவில்லை. நான் கலவை குழைத்துக் கொடுத்தேன். அவர் வெட்டிய பூட்டு டொக்டர் நவரத்தினத்துடையதைவிட அழகாக இருந்ததென்று ஒத்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்தில் சுழலும் கருவிக்கு அந்தப் பெருமையில் பாதி சேரும்.

அன்று மாலை அவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசியில் அடைப்புக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டார்.

7

ஜெமீலாவைப் பார்க்க "நீர் போம்" என்று டொக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. அடுத்த வைகாசியில் தண்ணீரூற்றுக்கு அருகே வற்றாப்பளைக் கோயில் பொங்கலுக்குத் தாயாருடன் போனபோது, கைப்பைக்குள் பல் கண்ணாடியும் கூர் ஊசியும் துணியில் சுற்றி வைத்திருந்தேன். ஹமீது முதலாளி கோயில் வீதியில் துணிக்கடை போட்டிருந்தார். என்னைக் கண்டதும் கடையை ஒருவரிடம் பொறுப்புக் கொடுத்துவிட்டு வண்டி பிடித்துத் தண்ணீரூற்றுக்கு அனுப்பினார்.

ஜெமீலா உள்ளறையில் இருந்தாள். உயரமாகியிருந்தாள். தலையில் முக்காடு. யன்னலோரம் பாயில் இருத்திப் பார்த்தேன். கோட்டின் விளிம்பு கொஞ்சம் கறுத்திருந்தது. ஊசி சிக்கவில்லை. உள்சுவர் அப்படியே நின்றது. என்னையறியாமல் ஒரு பெரிய மூச்சு விட்டேன்.

"நல்லா இருக்கோ மிஸி?"

"நல்லா இருக்கு."

"கடிச்சுக் காட்டட்டா?" பதிலுக்குக் காத்திராமல் ஒரு பொரிவிளாங்காய் உருண்டையை எடுத்து வலப்பக்கத்தில் வைத்துக் கடித்தாள். கல்லுடைப்பதுபோலச் சத்தம் கேட்டது. எனக்கு உயிர் போய் வந்தது. அவள் மென்றுகொண்டே சிரித்தாள்.

அவளுடைய உம்மா தேநீரோடு வந்தவர், கோப்பையை வைத்துவிட்டுத் தயங்கினார். "மிஸி, பெரியாக்களுக்குப் பாக்கமாட்டீங்களாம். ஆனாலும் என்ர பல்லையும் ஒருக்காப் பாருங்கோவன்." பார்த்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் பின்வாசலால் வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாத வாய்கள். என்னால் செய்யக்கூடியது பார்ப்பது மட்டும்தான். எது அவசரம், எது பொறுக்கும் என்று சொன்னேன். திரும்பி வந்து டொக்டரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே பெண் வைத்தியர் ஒருவரை முல்லைத்தீவுக்கு ஒருநாள் அனுப்ப ஒழுங்கு செய்தார். ஜெமீலாவின் உம்மா அன்று வந்தவர்களில் முதலாவது ஆள்.

எல்லா ஒட்டும் நிற்கவில்லை. கண்டாவளையில் ஒரு பையனுக்கு வைத்தது அடியில் சொத்தை ஓடி, அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. அன்று டொக்டரும் நானும் பிடுங்கிய பல்லை நறுக்கிப் பார்த்து, எங்கே கவனித்திருக்கலாம் என்று நெடுநேரம் கதைத்தோம். அதன்பிறகு அடியில் சந்தேகம் இருந்தால் பழைய அடைப்பை முழுக்கவே எடுத்தோம். எதை விடுவது, எதை எடுப்பது என்று தெரிந்துகொள்வதுதான் அந்த வேலை என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

8

வசந்தியின் பல்லுக்குப் பிறகு மிஸ்டர் ஆஷ்டன் என்னிடம், "நீங்கள் ஏன் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். சின்னத்தம்பி, பொன்னுத்துரை கதையைச் சொன்னேன். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, தொலைபேசியை எடுத்தார். கந்தோருக்கு அவர் என்ன சொன்னாரோ தெரியாது. மறுபடியும் என் பத்திரங்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். இம்முறை வேறொருவர் பார்த்தார். முழுப் பயிற்சியையும் மறுபடி படிக்கத் தேவையில்லை, தெரியாததை மட்டும் படித்தால் போதும் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் அவர்கள் முன்னிலையில் ஒரு குழந்தையைச் சோதித்துக் காட்ட வேண்டும்.

போன வியாழக்கிழமை அவர்கள் சொன்ன பயிற்சி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேலை கட்டுவதா, பாவாடை போடுவதா என்று வீட்டில் பெரிய விவாதம். "சேலை கட்டுங்கோ, மம்மி. யூ லுக் லைக் யூ ஓன் தி பிளேஸ்" என்று வசந்தி தீர்ப்புச் சொன்னாள். சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டேன்.

பெரிய அறை. இரண்டு பெண்களும் ஓர் ஆணும் பலகையில் தாளை வைத்துக்கொண்டு நின்றார்கள். கதிரையில் ஐந்து வயதுப் பையன். செம்பட்டைத் தலை, மூக்கெல்லாம் புள்ளி. உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கு முன் வந்த பெண்ணுக்கு அவன் வாயைத் திறக்கவே இல்லையாம்.

பஸ்ஸில் வரும்போது இங்கே சொல்லவேண்டிய ஆங்கில வசனத்தைப் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். கைகழுவினேன். முக்காலியை இழுத்து அவன் முகத்துக்கு நேரே இருந்தேன். கண்ணாடியை என் உள்ளங்கையில் சூடாக்கினேன். வசனம் மட்டும் வரவில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. தாள் பிடித்திருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்க, ஆ காட்டு ராசா" என்றேன்.

அவன் ஒரு கணம் என்னை வியப்போடு பார்த்தான். பிறகு, கடைவாய்ப் பற்கள் வரை தெரியும்படி, வாயை ஆவென்று திறந்தான்.